பாலக்கோட்டில் இருக்கும் தாயாரை அமெரிக்காவுக்கு அழைப்பது குறித்து

அன்பருக்கு வணக்கம். தங்கள் தாயார் 2018இல் அனுமதித்த நாளுக்கு மேல் ஏழு மாதம் தங்கித் திரும்பியதால், குடியுரிமை பெற்ற தாங்கள் இப்போது ஐ-130 மனு (உறவினரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் விண்ணப்பம்) செய்தால் அவர் அமெரிக்காவுக்குள் வரத் தடை வருமா என்று கேட்டிருந்தீர்கள். 180 நாளைத் தாண்டி ஓராண்டுக்குள் முடிந்த தங்கலுக்கு, நாட்டை விட்டு வெளியேறிய நாளிலிருந்து மூன்றாண்டுத் தடைதான், அது கழிந்துவிட்டது. ஓராண்டை எட்டியிருந்தால் பத்தாண்டு ஆகியிருக்கும், அதற்கு விலக்குக் கோரும்போது, தாய் வர முடியாததால் பிள்ளை படும் துன்பம் கணக்கில் வராது. ஆகவே நாள்களைச் சரியாக எண்ணுங்கள்: விசா காலாவதியிலிருந்து அல்ல, ஐ-94 பதிவில் (அமெரிக்காவுக்குள் நுழையும்போது தரும் வருகைப் பதிவு) தங்க அனுமதித்த கடைசித் தேதியிலிருந்து. அமெரிக்காவில் வெளியேறும்போது முத்திரை குத்துவதில்லை என்பதால், இந்தியாவுக்குத் திரும்பிய முத்திரையுள்ள பழைய பாஸ்போர்ட் நல்ல சான்று. அது தொலைந்ததாகச் சொல்லும்படி தருமபுரியில் எந்த ஏஜென்ட் சொன்னாலும் (சொல்வார்கள்) கேட்காதீர்கள். உண்மையை மறைத்தால் வரும் தடைக்கு ஆண்டுக் கணக்கே கிடையாது.