ரெமிஷனுக்குப் பிறகும் மருந்து எதற்கு?

கேள்வி: என் தங்கையின் 7 வயது மகனுக்கு அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய். முதல் மாதச் சிகிச்சை முடிந்ததும், 'முழு ரெமிஷன், நல்ல செய்தி' என்றார் மருத்துவர். அத்துடன், இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிகிச்சை தொடரும் என்றும் சொல்கிறார். நோய் போய்விட்டதென்றால் மருந்து எதற்கு? போகவில்லையென்றால் அது எப்படி நல்ல செய்தி?

பதில்: மருத்துவர் சொன்ன இரண்டுமே உண்மை. ரெமிஷன் என்பது பரிசோதனைகளில் நோயின் அடையாளம் தென்படவில்லை என்பதைக் குறிக்கிறதே தவிர, உடலில் ஒரு புற்றணுகூட மிச்சமில்லை என்பதற்கு உத்தரவாதம் அன்று. இந்த நோயில், எலும்பு மஜ்ஜையை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது முதிராத அணுக்கள் (இந்நோயின் புற்றணுக்கள் இவ்வகையே) 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்து, ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் இயல்புக்குத் திரும்பியிருந்தால், அதை முழு ரெமிஷன் என்கிறோம். நோய் கண்டறியப்படும்போது உடலில் ஏறக்குறைய 1 லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கக்கூடும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அழிந்தாலும் ஆயிரம் கோடி மிஞ்சும்.

அவற்றை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பது பழைய அனுபவம். 1948இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து இந்நோயுள்ள சில குழந்தைகளுக்கு ரெமிஷன் வரச் செய்தார். சில மாதங்களிலேயே நோய் திரும்பிவிட்டது. பிறகு, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த திரவத்தில் பதுங்கும் அணுக்களுக்காக முதுகில் ஊசி வழியே மருந்து செலுத்துவது, தினமும் மெர்காப்டோப்யூரினும் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட்டும் நீண்ட காலம் கொடுப்பது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்ததால்தான், நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில் இன்று இந்நோய் கண்ட குழந்தைகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் 5 ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். பிள்ளை ஓடியாடி விளையாடுவதைப் பார்த்து, 'ஒருநாள் மாத்திரை தவறினால் என்ன' என்று நினைக்கத் தோன்றும். அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். மாத்திரையை அடிக்கடி தவறவிடும் குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது.

சிகிச்சைக்குப் பின் மிஞ்சியிருக்கும் நுண்ணளவு நோயைத் தேடும் எம்.ஆர்.டி. பரிசோதனையின் முடிவையும் மருத்துவரிடம் கேளுங்கள். பத்தாயிரம் அணுக்களுக்கு நடுவே ஒரேயொரு புற்றணு இருந்தாலும் காட்டிக்கொடுக்கும் இந்தப் பரிசோதனையை வைத்தே, சிகிச்சையைக் கடுமையாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். நோய் திரும்பினாலும் கதவு அடைபட்டுவிடுவதில்லை. நோயாளியின் டி அணுக்களையே (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணுக்கள்) வெளியே எடுத்து, புற்றணுவை அடையாளம் காணும்படி மாற்றி, மீண்டும் உடலில் செலுத்தும் கார்-டி சிகிச்சைக்கு 2017இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த முதல் அனுமதியே, இந்நோய் திரும்பிவந்த அல்லது மருந்துக்கு அடங்காத குழந்தைகளுக்காகவும் இளைஞர்களுக்காகவும் தரப்பட்டதுதான். எல்லோருக்கும் அது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேறு வழியில்லை என்று கைவிடப்பட்டிருக்கக்கூடிய பலர் அதனால் மீண்டும் ரெமிஷன் அடைந்திருக்கிறார்கள்.

கேள்வி: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து எனக்கு 5 ஆண்டுகள் ஆகின்றன. இனிப் பயமில்லைதானே?

பதில்: அது நோயின் வகையைப் பொறுத்தது. உங்கள் பயாப்ஸி அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர். (புற்றணுக்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களுக்கான ஏற்பிகள் உண்டா என்பது), ஹெர்-2 (அணுக்களை வளரத் தூண்டும் ஒரு புரதம் மிகுதியாக உள்ளதா என்பது) என்ற மூன்று முடிவுகள் இருக்கும். மூன்றும் நெகட்டிவ் என்றால், திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே திரும்பியிருக்கும் என்பதால், நீங்கள் ஓரளவு நிம்மதி கொள்ளலாம். ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால், 10, 15 ஆண்டுகள் கழித்தும் நோய் தலைதூக்குவதுண்டு. சிலருக்கு ஹார்மோன் மாத்திரைகளை 10 ஆண்டுகள் வரை நீட்டிப்பது அதனால்தான். உங்கள் மாத்திரையை நிறுத்துவதா தொடர்வதா என்பதை மருத்துவரிடம் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள். வாரக்கணக்கில் விடாத எலும்பு வலி, மூச்சிரைப்பு, புதிய கட்டி ஆகியவற்றில் எது தெரிந்தாலும், அடுத்த பரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.