சந்தோஷமாகப் போட்ட கையெழுத்து

கேள்வி: எனக்கு வயது 47. நாசரேத் பக்கம் சொந்த ஊர். மும்பை செம்பூரில் ஒரு பெட்ரூம் ஃப்ளாட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. ஞாயிறு ஆராதனையும், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகமும் தவறியதில்லை. ‘போதுமென்கிற மனதுடனேகூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்’ என்ற வசனத்தை ஹாலில் மாட்டியிருக்கிறேன். ஆனால் வீட்டில் யாருக்கும் அது ஏறவில்லை. நவி மும்பை கார்கரில் பெரிய வீடு வாங்கியே ஆக வேண்டும் என்கிறார்கள். கையில் 9 லட்சம் இருக்கிறது, மீதிக்குக் கடன் வாங்கு என்று நச்சரிப்பு. இந்த ஃப்ளாட்டே 2014இல் அப்பாவின் வீட்டையும் தோட்டத்தையும் 36 லட்சத்துக்கு விற்று, மேற்கொண்டு கடன் வாங்கிப் பிடித்ததுதான். தங்கச்சியும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவள் கணவரை இழந்தவள். தாராவியில் வாடகை அறையில் இருந்துகொண்டு, சைக்கிளில் இட்லி விற்பவர்களுக்கு மாவு அரைத்துக் கொடுத்துப் பிழைக்கிறாள். எவ்வளவு நிறைவாக இருக்கிறாள்! அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றால் வீட்டில் சண்டை வருகிறது. என் குடும்பத்துக்குப் போதுமென்கிற மனதை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பதில்: தம்பி, கார்கர் வீட்டைப் பற்றி நான் பேசப் போவதில்லை. கடன் வாங்கலாமா, கணவர் சிக்கனமா கஞ்சமா, இதெல்லாம் எனக்கு வாராவாரம் வருகிற கேள்விகள். நான் வேறொரு வார்த்தையில் நின்றுவிட்டேன். ‘சந்தோஷமாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்.

அந்தச் சந்தோஷத்தை எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்? ‘36 லட்சம் வருகிறது, உன் பங்கு 18. என்ன சொல்கிறாய்?’ என்று அவளை உட்கார வைத்துக் கேட்டீர்களா? கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர் நீங்கள். கடிதத்தில் 36 இருக்கிறது, 9 இருக்கிறது. 18 எங்கே?

இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். அண்ணன் போன் செய்வான், ‘ஒரு கையெழுத்து வேணும்மா, சும்மா ஃபார்மாலிட்டிதான்’ என்று. டிக்கெட்டும் அவனே எடுத்துவிடுவான். அண்ணி ஒரு சேலை வைத்துக் கொடுப்பாள். பதிவு அலுவலகத்துக்கு எதிரே டீ, வடை. பத்திரம் எழுதுகிறவர் கடகடவென்று வாசிப்பார், பாதி காதில் விழாது. விரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு ராத்திரி ரயிலுக்குத் திரும்பிவிடுவாள். தன் பங்கை விட்டுக்கொடுக்கிற அந்தப் பத்திரத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர் வேறு. மாட்டேன் என்று சொன்னால் நாளைக்குத் தன் பிள்ளைக்குத் தாய்மாமன் இல்லாமல் போய்விடுவானே என்ற பயம்தான் இந்த நாட்டில் பாதிக் கையெழுத்துகளைப் போட வைக்கிறது. அந்தப் பயம் வெளியே சிரித்த முகமாகத்தான் தெரியும்.

என் அம்மாவும் மாமாக்களுக்கு இப்படிப் போட்டுக் கொடுத்தவர்தான். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எழுபது வயதுக்கு மேல், ஒரு நாள் புளி உடைத்துக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே, ‘வடக்கு மூலைப் புளியமரம் என் பங்குல வந்திருக்கும்’ என்றார். எந்த மரம் என்பது வரைக்கும் நினைவு. நாங்களும் அன்றுவரை அவர் சந்தோஷமாகப் போட்டார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கல்யாணத்துக்குப் பவுன் போட்டோமே என்பீர்கள். எல்லா அண்ணன்மாரும் சொல்வதுதான். 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் பிள்ளைகளின் பாகம் மகனுக்கும் மகளுக்கும் சமம். அவர் உயிரோடிருக்கும்போது ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததை அந்தப் பிள்ளையின் பங்கில் கழிக்கவும் கூடாது, 49ஆம் பிரிவு. பழைய திருவிதாங்கூரில் வேறு வழக்கம் இருந்தது. அங்கே 1916ஆம் வருடச் சட்டப்படி மகளுக்கு, மகன் பங்கில் கால்வாசியோ ஐயாயிரம் ரூபாயோ, எது குறைவோ அது. மேரி ராய் என்ற பெண்மணி உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் அதற்கு முடிவு கட்டினார். உங்கள் நாசரேத் அந்தச் சமஸ்தானத்தில் இருந்ததில்லை, அதனால் உங்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. அப்பா உயில் எழுதியிருந்தார் என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் பேருக்கே எழுதியிருந்தால் தங்கச்சி கையெழுத்து எதற்கு?

சரி, வேதத்துக்கு வருவோம். நீங்கள் லூக்கா 12ஐத் திறப்பீர்கள். சொத்தில் பாகம் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று ஒருவன் கேட்டபோது, பொருளாசையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்றாரே இயேசு, என்பீர்கள். பங்கு கேட்ட தங்கைகளின் வாயை அடைக்க இந்த வசனம் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர் அதைக் கேட்டவனுக்கு மட்டும் சொல்லவில்லை, ‘அவர்களை நோக்கி’ என்று இருக்கிறது, நன்றாக வாசியுங்கள். கேட்கிறவனுக்குள்ள எச்சரிக்கை, கொடுக்காமல் வைத்திருக்கிறவனுக்கும் உண்டு. அப்புறம் எண்ணாகமம் 27ஐயும் ஒருமுறை பாருங்கள். செலோப்பியாத்தின் மகள்கள் ஐந்து பேர், தகப்பனுக்கு ஆண் வாரிசு இல்லை, எங்களுக்குப் பங்கு வேண்டும் என்று மோசேக்கு முன்னால், சபை முழுவதற்கும் முன்னால் நின்று கேட்டார்கள். ‘போதுமென்றிருங்கள், பிள்ளைகளே’ என்றா பதில் வந்தது? அவர்கள் பேசுவது சரிதான், கொடு என்று வந்தது.

போதுமென்கிற மனது நல்லதுதான், நானும் அதை வேண்டிக்கொள்கிறவள்தான். ஆனால் பவுல் ‘நான் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்’ என்று தன்னைப் பற்றித்தான் எழுதினார், அதுவும் காவலில் இருந்துகொண்டு. நீங்கள் தங்கச்சி பங்கில் கட்டிய ஃப்ளாட்டில் உட்கார்ந்துகொண்டு அவளுடைய இல்லாமையைப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறீர்கள். அவளுக்கு அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்த வாத்தியார் யார் தம்பி? சம்பளத்தையும் அவளிடமே முன்கூட்டி வாங்கிக்கொண்டீர்கள். முதலாவது ராஜ்யத்தையும் நீதியையும் தேடுங்கள் என்ற வசனத்தில் நீதி என்ற சொல்லை மட்டும் எப்படித் தாண்டிப் போனீர்கள்?

உங்கள் மனைவி மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வளர்ந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு இன்னொரு அறை கேட்பது பொருளாசை என்று எனக்குத் தோன்றவில்லை. (அவரும் தன் அண்ணன்மாருக்கு எங்கேயாவது கையெழுத்துப் போட்டிருப்பார். ஒரு நாள் கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாகவா என்றும்.) சுவரில் மாட்டிய வசனம் வீட்டில் ஏறாததற்குக் காரணம், அந்த ஃப்ளாட் எப்படி வந்தது என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும். அத்தைக்குச் சேர வேண்டியது என்ன என்று அப்பா ஒரு நாளும் பேசாததையும் பிள்ளைகள் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

பெற்றவர்கள் போன பிறகு கூடப்பிறந்தவளுக்கு அண்ணன்தான் தகப்பன் ஸ்தானம். அதுவும் தாலியை இழந்த தங்கைக்கு. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது, பழைய காலத்து மனுஷி என்று நினைத்தாலும் பரவாயில்லை.

கார்கருக்கு வைத்திருக்கும் அந்த 9 லட்சம் அவளுடையது. இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். மீதி 9 லட்சத்துக்கு மாதத் தவணை எவ்வளவு, எத்தனை வருடம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுங்கள். இந்தத் தடவை கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். வேதத்தில் வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான், நான் கேட்பது அசலை மட்டும்தான். 2014இலிருந்து வட்டி போடுவதா வேண்டாமா என்பதைக் கணக்கு தெரிந்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் விஷயத்தைச் சொல்லுங்கள், சபையில் சாட்சி சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். ‘உதவி’ என்ற வார்த்தை மட்டும் உங்கள் வாயில் வரவே கூடாது.

செம்பூரிலிருந்து தாராவி ஒன்றும் தூரமில்லை. மத்தியானம் அவள் அரிசி ஊறப்போட்டுவிட்டுச் சற்று ஓய்ந்திருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். எடுத்ததும் ‘எனக்கு எதுக்குண்ணே, வேண்டாம்’ என்பாள், சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அதையும் சந்தோஷமான சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பணத்தோடு வீடு திரும்பிவிடாதீர்கள்.