ஒகாடாவிடம் கேட்ட மன்னிப்பு

அன்புள்ள ஐயா,

2010 உலகக் கோப்பையின்போது ஜப்பான் ரசிகர்கள் ட்விட்டரில் தங்கள் பயிற்சியாளர் தகேஷி ஒகாடாவிடம் கூட்டம் கூட்டமாக மன்னிப்புக் கேட்டதாகப் படித்தேன். 'ஒகாச்சான் ஸாரி' என்று ஒரு ஹேஷ்டேகே ஓடியதாம். திட்டியவர்களே மன்னிப்புக் கேட்பது ஜப்பானியப் பண்பாடு இல்லாமல் வேறென்ன? அவர் இப்போது என்ன செய்கிறார்?

க.

அன்புள்ள க.,

நடந்தது உண்மைதான். ஆனால் எப்போது கேட்டார்கள் என்று பாருங்கள். ஜூன் 14, கேமரூனை 1-0 என்று ஜெயித்த பிறகு. ஹோண்டா அந்த ஒரு கோலை அடிக்காமல் போயிருந்தால் ஹேஷ்டேகும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

அதோடு, திட்டியதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அரையிறுதிதான் இலக்கு என்று அறிவித்துவிட்டு, செர்பியா, தென்கொரியா, இங்கிலாந்து, ஐவரி கோஸ்ட் என்று வரிசையாகத் தோற்றார்கள். சொந்த மண்ணில் கொரியாவிடம் 0-2 தோற்ற இரவில், நான் தொடரலாமா என்று கால்பந்துச் சங்கத் தலைவரிடமே கேட்டார் ஒகாடா. மறுநாள், அது தமாஷுக்குக் கேட்டது என்றார். இங்கிலாந்து ஆட்டத்தின் மூன்று கோல்களையும் அடித்தவர்கள் ஜப்பான்காரர்கள். ஒன்று எதிரி வலையில், இரண்டு தங்கள் வலையில்!

கொரியாவிடம் தோற்ற பிறகுதான் அணியைக் கலைத்துப் போட ஆரம்பித்தார். நட்சத்திர ஆட்டக்காரர் ஷுன்சுகே நகமுரா பெஞ்சுக்குப் போனார். கேப்டன் மாறினார், கோல்கீப்பர் மாறினார். நடுக்கள ஆட்டக்காரரான ஹோண்டாவை முன்னால் தனியாக நிறுத்தினார். ஆக, ரசிகர்கள் திட்டியது ஓர் அணியை, ஜெயித்தது இன்னோர் அணி. பழைய அணி சரிப்படாது என்று ஒகாடாவே முடிவுகட்டிய பிறகு அவரிடம் எதற்கு மன்னிப்பு?

பண்பாடு என்கிறீர்கள். சரி, 1997க்குப் போவோம். தகுதிச் சுற்றின் நடுவில், கஜகஸ்தானோடு டிரா செய்ததும் பயிற்சியாளர் கமோவை நீக்கிவிட்டு, உதவியாளராக இருந்த ஒகாடாவை அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். வயது 41. அதுவரை எந்த அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. தான் பிரபலமாவோம் என்று நினைக்காததால் வீட்டு எண்ணைத் தொலைபேசி டைரக்டரியில் அப்படியே விட்டிருந்தாராம். மிரட்டல் அழைப்புகள் வந்து குவிந்தன, வீட்டு வாசலில் போலீஸ் காவல் நின்றது. நாளைக்குத் தோற்றால் ஜப்பானுக்கே திரும்ப முடியாமல் போகலாம் என்று மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து மனைவிக்குப் போன் செய்ததைப் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். அங்கே நடந்த தகுதி ஆட்டத்தில் ஈரானை 3-2 என்று வென்றார்கள். ஜப்பானின் முதல் உலகக் கோப்பை வாய்ப்பு அப்படித்தான் கிடைத்தது. மறு ஆண்டு பிரான்ஸில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. அதற்குச் சற்று முன்பு மக்களின் செல்லப்பிள்ளை மியுராவை அணியிலிருந்து நீக்கியிருந்தார் என்பதால் வசவு இரட்டிப்பானது.

இதுவும் ஜப்பான்தான், அதே மனிதர்தான்.

இப்போதைய ஒகாடாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பராகுவேயிடம் பெனால்டியில் தோற்றதும் 2010இல் தேசிய அணியை விட்டு விலகினார். இடையில் சீனாவில் ஹாங்சோ அணிக்குப் பயிற்சியளித்தார். 2014 கடைசியில் ஷிகோகு தீவிலுள்ள எஃப்சி இமாபாரி கிளப்பின் உரிமையாளரானார். அப்போது அது வட்டார லீகில் ஆடிக்கொண்டிருந்த அணி. 2025இல் ஜே2 எனப்படும் ஜப்பானின் இரண்டாம் நிலை லீக் வரைக்கும் ஏறிவிட்டது. ஊரில் புது ஸ்டேடியம் கட்டியாயிற்று, அப்புறம் ஒரு மேல்நிலைப் பள்ளியையும் நடத்துகிறார்.