கிட்னி பயாப்ஸி: அன்றைக்கே வீட்டுக்கு வரலாமா?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. சிறுநீரில் புரதம் நிறையப் போகிறது என்று கிட்னி பயாப்ஸி (ஊசியால் கிட்னியிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்யச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் போனால் சாயங்காலமே அனுப்பிவிடுவார்களாம், எல்லாவற்றையும் ஒரு நர்ஸ்தான் பார்த்துக்கொள்வாராம். ஊரில் என் அண்ணனுக்குச் செய்தபோது ஒரு ராத்திரி வார்டில் வைத்திருந்தார்கள். இங்கே கட்டில் இல்லை என்பதற்காக அவசரப்படுத்துகிறார்களோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: உங்கள் பயத்தில் பாதி நியாயமானது, அந்தப் பாதியைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். நர்ஸ் பார்க்கிறார் என்பதற்காகக் கவலைப்படவே வேண்டாம். இங்கிலாந்தில் ஜூனியர் டாக்டர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை வேறு பிரிவுக்குப் போய்விடுவார்கள், இதற்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸோ வருஷக்கணக்கில் இதே வேலையைச் செய்பவர். முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை எடுப்பது, மாத்திரைகளை விசாரிப்பது, பிறகு பக்கத்தில் இருந்து கவனிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஊசி செலுத்தித் துணுக்கு எடுப்பது பெரும்பாலும் டாக்டர்தான், சில மருத்துவமனைகளில் தேர்ச்சி பெற்ற நர்ஸே அதையும் செய்கிறார்.

இதில் உண்மையான ஆபத்து ரத்தக்கசிவு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பயாப்ஸிகளைச் சேர்த்துப் பார்த்து 2020-ல் வந்த ஆய்வில், நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்குச் சிறுநீரில் கண்ணுக்குத் தெரிகிற அளவு ரத்தம் போயிருக்கிறது, ரத்தம் ஏற்றும் நிலை வந்தது நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. சரி, இது எப்போது தெரியவரும்? அங்கேதான் சிக்கல். சிகாகோவில் 750 பேரைக் கவனித்து 2004-ல் எழுதிய டாக்டர்கள், எட்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டால் மூன்றில் ஒரு சிக்கலாவது கண்ணில் படாமல் போகும் என்றார்கள். உங்கள் அண்ணனை ராத்திரி வைத்திருந்ததற்குக் காரணமும் இதுவாகத்தான் இருக்கும்.

அப்படியானால் பகலிலேயே அனுப்புவது தப்பா? இல்லை, ஆனால் யாரை அனுப்புகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிரஷர் கட்டுக்குள் இருக்க வேண்டும், பிளேட்லெட்டும் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) ரத்தம் உறையும் தன்மையும் சரியாக இருக்க வேண்டும், கிட்னி ரொம்பக் கெட்டுப்போயிருக்கக் கூடாது, அன்றைக்கு ராத்திரி வீட்டில் துணைக்கு ஆள் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் "இன்றைக்கு வேண்டாம்" என்றோ "ராத்திரி இங்கேயே இருங்கள்" என்றோ சொல்கிற நர்ஸ்தான் நல்ல நர்ஸ், அப்படிச் சொன்னால் கோபப்படாதீர்கள். துணுக்கு எடுத்த பிறகு சுமார் ஆறு மணி நேரம் படுத்தே இருக்க வேண்டும். முதலில் கால் மணிக்கு ஒருமுறை, அப்புறம் இடைவெளி விட்டு, நாடியும் பிரஷரும் பார்ப்பார்கள். சிறுநீரின் நிறத்தைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது.

உங்கள் பங்கும் இருக்கிறது. ஆஸ்பிரின், வலி மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை, ஊரிலிருந்து வரவழைத்த சித்த மருந்து, மீன் எண்ணெய் என்று அவர் சாப்பிடுவது அத்தனையையும் எழுதி எடுத்துப் போங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய ரத்தக்குழாய் அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்தவர் ஆஸ்பிரினைத் தானாக நிறுத்துவது பெரிய ஆபத்து. கிளம்புமுன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தம் போனால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது, யார் எடுப்பார்கள்?" தெளிவான பதில் வராவிட்டால், வரும்வரை அங்கிருந்து நகராதீர்கள். சிறுநீர் சிவந்து கட்டி கட்டியாக வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, இடுப்பிலும் வயிற்றிலும் வலி கூடினாலோ உடனே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். மயக்கம் வந்தால் யோசிக்காமல் 999.

கேள்வி: கடையில் அரிசி மூட்டை தூக்கும் வேலை எனக்கு. பயாப்ஸி முடிந்து மூன்றாம் நாள் வேலைக்குப் போகலாமா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: மூட்டை தூக்கப் போகக் கூடாது. இரண்டு வாரம் பாரம் தூக்காதீர்கள், ஜிம், ஓட்டம், விளையாட்டு எதுவும் வேண்டாம். உட்கார்ந்து பார்க்கிற கல்லா வேலை என்றால் சில நாளில் ஆரம்பிக்கலாம். முதலாளியிடம் காட்டக் கடிதம் வேண்டுமென்று பயாப்ஸி அன்றைக்கே நர்ஸிடம் கேட்டுவிடுங்கள், பிறகு அலைய வேண்டியிருக்காது.