'உன் விசுவாசம் போதாது' என்பதை நம்பாதீர்கள்

சகோதரி, கணவர் படுத்த படுக்கையாக இருக்கிறார், ஜெபிக்க உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது, உறவினர்களோ 'உன் விசுவாசம் போதாது' என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சை நம்பவே நம்பாதீர்கள். வேதாகமத்தில் பெரும் துன்பத்தைச் சந்தித்த யோபுவிடம் அவருடைய நண்பர்களும் இப்படித்தான் குற்றம் கண்டுபிடித்தார்கள். கடைசியில் கர்த்தருடைய கோபம் மூண்டது அவர்கள்மேல்தான் (யோபு 42:7). முதல் 7 நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதுதான் உண்மையான ஆறுதல்.

அழுகையும் ஜெபம்தான். 88-ஆம் சங்கீதம் என்ற ஜெபப் பாடல் ஆறுதலே இல்லாமல் முடிகிறது. அதுவும் வேதத்தில் இருக்கிறது. வார்த்தை வராத இரவில் ரோமர் 8:26-ஐ வாசியுங்கள். ஆவியானவரே நமக்காகப் பெருமூச்சோடு வேண்டுகிறார்.

மருந்தை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். சபையில் நம்பிக்கையான ஒருவரிடம், 'அறிவுரை வேண்டாம், கொஞ்ச நேரம் கூட இருங்கள்' என்று கேளுங்கள். உங்கள் இருவருக்காகவும் ஜெபிக்கிறேன்.