இணையம் இல்லாத காலத்தில் அறிவியல் புனைகதை ரசிகர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

தபால் மூலம்தான். 1926இல் அமெரிக்காவில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழ், வாசகர் கடிதங்களை எழுதியவரின் முகவரியோடு அச்சிட்டது. இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் சண்டைக்குப் போவோம். அன்றைக்கு அதுதான் வசதி. ஒரு கதையைக் கிழித்துத் தொங்கவிட்டவருக்கு, அதே கதையைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியவர் நேரடியாகவே கடிதம் போடலாம். அப்புறம் ரசிகர்கள் தாங்களே இதழ் நடத்த ஆரம்பித்தார்கள். 1930இல் வந்த ‘தி காமெட்’ அதில் முன்னோடி. விமர்சனம், அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று பக்கங்கள் நிரம்பின. 1939இல் நியூயார்க்கில் இந்த ரசிகர்களின் முதல் உலக மாநாடு கூடியது. அதிலும் கோஷ்டிப் பூசல்தான். சில ரசிகர்களை உள்ளேயே விடவில்லை. சிறந்த அறிவியல் புனைகதைகளுக்கு கெர்ன்ஸ்பேக்கின் பெயரில் தரப்படும் ஹியூகோ விருது 1953இல்தான் வந்தது. அதற்கு வாக்களிப்பவர்கள் இன்றும் மாநாட்டு உறுப்பினர்களே.