உறைபனியில் தண்ணீர்க் குழாய்: சூட்டு வயரை மட்டும் நம்பலாமா?

கேள்வி: ரொறன்ரோவில் என் மகள் வாங்கிய பழைய வீட்டில், சென்ற பனிக்காலத்தில் சமையலறைக் குழாய் உறைந்துவிட்டது. குழாயோடு மின்சூட்டு வயர் பொருத்தும்படி அங்கு ஆலோசனை கூறியிருக்கிறார்கள். தண்ணீர்க் குழாயில் மின்வயரைக் கட்டுவது ஆபத்தில்லையா? தைப்பொங்கலுக்கு அவர்கள் குடும்பத்தோடு இங்கு வரும்போது, அதைப் போட்டபடி வீட்டைப் பூட்டிவிட்டு வரலாமா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: ஆபத்தில்லை, முறையாகப் பொருத்தினால். ஆனால் அந்த வயரை மட்டும் நம்பி, தை மாதத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு வரவேண்டாம் என்று உங்கள் மகளுக்கு உறுதியாகச் சொல்லுங்கள்.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைகிறது. எனினும் பனிக்கட்டி பிடித்த இடத்திலேயே குழாய் வெடிப்பது குறைவு. கட்டி வளர வளர, அதற்கும் பூட்டியிருக்கும் பைப்புக்கும் இடையில் அகப்பட்ட தண்ணீரின் அழுத்தம் ஏறி, பலவீனமான ஒரு பொருத்தில் வெடிக்கிறது. கட்டி உருகிய பிறகுதான் தண்ணீர் பீறிட்டு வரும் என்பதால், ஆளில்லாத வீட்டில் சேதம் பெரிதாகிவிடுகிறது.

இந்த வயர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நீளம் முழுவதும் ஒரே அளவு சூட்டைத் தருவது. ஒன்றின்மேல் ஒன்று படும்படி இதைச் சுற்றினால் அந்த இடம் அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். மற்றது, தன்னைத் தானே கட்டுப்படுத்துவது: இரண்டு செப்புக் கம்பிகளுக்கு இடையில் கரித்தூள் கலந்த பிளாஸ்ரிக் இருக்கும், குளிரில் அது சுருங்கும்போது கரித்துகள்கள் நெருங்கி மின்சாரம் கூடுதலாகப் பாய்வதால் சூடு ஏறும், சூடானதும் விரிந்து மின்சாரம் குறையும். விலை கூடினாலும் வீட்டுக்கு இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். மீற்றருக்கு 16 வாற் வீதம் 10 மீற்றர் வயர், நாள் முழுவதும் முழுச் சூட்டில் இயங்கினாலும் 4 அலகுக்குச் சற்றுக் குறைவாகவே மின்சாரம் செலவாகும்.

வயரைக் குழாயின் அடிப்பக்கமாக நேராகப் பிடித்து, கண்ணாடியிழை ரேப்பால் இடைக்கிடை கட்டி, அதன்மேல் தயாரிப்பாளர் அனுமதித்த வெப்பக் காப்பு உறையைப் போடவேண்டும். மின்கசிவு ஏற்பட்டதும் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்புள்ள பிளக்கில் நேரடியாகச் செருகவேண்டும். நீட்டிப்பு வயர் கூடவே கூடாது. கனடாவின் சீஎஸ்ஏ போன்ற அங்கீகார முத்திரை உள்ளதா என்று வாங்கும்போதே பார்க்கவேண்டும். பிளாஸ்ரிக் குழாயென்றால், அதற்கு ஏற்றதென்று பொதியில் எழுதியிருப்பதும் அவசியம்.

இத்தனையும் மின்சாரம் இருக்கும்வரைதான். பனிப்புயலில் மின்சாரம் நின்றால் வயரும் நிற்கும், வீட்டுச் சூடாக்கியும் நிற்கும். ஆகவே புறப்படுமுன் பிரதான வால்வைப் பூட்டி, எல்லாப் பைப்புகளையும் திறந்து தண்ணீரை வடியவிடச் சொல்லுங்கள். தண்ணீர்ச் சூடாக்கித் தாங்கியை என்ன செய்வதென்று முன்கூட்டியே குழாய் வேலை செய்பவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டுச் சூடாக்கியை நிறுத்தாமல் 15 பாகை செல்சியஸ் அளவில் விட்டுவைக்கலாம். பனிக்காலத்தில் வீடு ஆளின்றி இருந்தால், ஒருவர் வந்து பார்த்திருக்கவேண்டும் அல்லது தண்ணீரை வடித்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை அங்கே பல காப்புறுதி ஒப்பந்தங்களில் உண்டு. விமானச் சீட்டை எடுக்கும்போதே அந்தப் பத்திரத்தையும் மகள் ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும்.